வாத்துக்கு வழிவிட்ட பால்

அத்தியாயம் 11

புதன்கிழமை சாயங்காலம் ஏலியாம்மா போனில் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"மூத்த மருமக வீட்ல குழந்தையோட ஞானஸ்நானத்துக்கு வாத்தும் கரிமீனும் போட்டாங்க திரேசம்மா. அதுக்காக நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். உங்க சௌகரியம் போலச் செய்யுங்க."

மாப்பிள்ளையின் அம்மா 'உங்க சௌகரியம் போல' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திரேசம்மாவுக்கும் விளங்கிவிட்டது. தலைச்சன் பிள்ளையின் ஞானஸ்நான விருந்து பெண் வீட்டாருடையது. வியாழக்கிழமை விடிந்ததும் குட்டநாட்டு வாத்துக்காரனிடம் இருபது வாத்துக்குச் சொல்லிவிட்டாள். கூடவே மாட்டிறைச்சி, கரிமீன், கள்ளப்பம், வட்டயப்பம். சங்கனாச்சேரிப் பக்கத்தில் தன் வீட்டைப் பற்றி நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது.

குழந்தைக்கு என்ன சாப்பாடு என்று மட்டும் அந்த மூன்று நாளில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் குழந்தைக்கு ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. எட்டு மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். பிறந்தபோது ஒன்றரை கிலோ. கோட்டயம் ஆஸ்பத்திரியில் முதல் வாரம் பவுடர் பாலைக் கொடுத்துப் பார்த்ததில் வயிறு மத்தளமாக உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, ஒன்பது நாள் வாயில் ஒரு சொட்டு இல்லாமல் நரம்பில் ஊசி குத்திப் படுக்க வைத்திருந்தார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்பில் வாய் வைத்து உறிஞ்சும் தெம்பு இன்னும் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் திரேசம்மாவின் மகள் ஜிஸ்னா மெஷினில் பால் எடுப்பாள். பாலாடையில் ஊற்றி ஒவ்வொரு சொட்டாகப் புகட்டுவாள். இப்போது எடை இரண்டு கிலோ அறுநூறு. ஒவ்வொரு கிராமும் அவள் எடுத்த பால்.

இதற்கு நடுவில்தான் ஜிஸ்னாவுக்குப் படபடப்பும் கை நடுக்கமும் வந்தது. தைராய்டு என்றார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு விழுங்கும் மருந்து பாலில் இறங்கும், நான்கு நாள் அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். தேதி கிடைத்தது ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளான சனிக்கிழமை. விட்டால் அடுத்த மாதம். அதற்காக மூன்று வாரமாக, குழந்தைக்குப் போக மிஞ்சியதைப் பையில் அடைத்து, தேதியும் மணியும் எழுதி ஃப்ரீசரில் சேர்த்துவந்தாள். மொத்தம் முப்பத்திரண்டு பை. நான்கு நாளுக்குக் கனகச்சிதம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜிஸ்னா கட்டிலில் உட்கார்ந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். மெஷின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. கூடத்தில் டி.வி. அதைவிடச் சத்தமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மே, அந்த டி.வி.யைக் குறைங்க. குழந்தை தூங்குது."

திரேசம்மா கதவை ஒருக்களித்துக்கொண்டு எட்டிப்பார்த்தாள். "உங்க அப்பச்சன் வெளியில உக்காந்திருக்காரு மோளே."

"இருக்கட்டும்."

"இந்தச் சத்தம் கேக்குமே."

"தொழுவத்துல தினமும் மெஷின் வெச்சுத்தானே கறக்கறாரு. அவருக்குப் பழகின சத்தம்தான்."

"உன் வாய் இருக்கே." திரேசம்மா உள்ளே வந்து ஒரு துவாலையை மகளின் தோளில் போர்த்தி, மெஷினையும் சேர்த்து மூடினாள். இந்த ஐம்பத்திரண்டு நாளில் அவள் மூடிய மூடல் கொஞ்சமில்லை. பாட்டிலைச் சமையலறைக்கு எடுத்துப் போனால் முந்தானையால் மூடுவாள். ஃப்ரீசரில் இருந்த பைகள் மேல் செய்தித்தாள் விரித்துவைத்தாள். மகள் திருடிக்கொண்டு வந்த சரக்கா அது?

ஜிஸ்னா பாட்டிலை மூடி அம்மாவிடம் கொடுத்தாள். "இது ஒன்பது மணிக்கு. பன்னெண்டுக்குள்ள நான் வந்துடுவேன். ஃப்ரீசர்ல இருக்கறதை நானே எடுத்துக்கறேன். நீங்க அதைத் தொட வேண்டாம்."

"தொடலை."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுன்னு சொல்றேன்ல." திரேசம்மாவின் கண் ஜன்னல் வழியாகக் கேட்டின் மேல் இருந்தது. வாத்து வண்டி ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தது.

கணவன் டிஜோ காரை ஓட்டினான். பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான். நல்லவன்தான். யாரோடும் சண்டை போடத் தெரியாதவன். வீட்டில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் இருவரிடமும் 'நீ சொல்றது சரி' என்று சொல்லிவிட்டுப் பைக்கைத் துடைக்கப் போய்விடுகிற ரகம்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், மர நிழலில் காரை நிறுத்தச் சொன்னாள் ஜிஸ்னா. துப்பட்டாவுக்குள் கை பம்பை வைத்து அழுத்த ஆரம்பித்தாள்.

"இங்கேயேவா?" என்றான் டிஜோ.

"மருந்து விழுங்கின பிறகு எடுத்தா வீணாப்போயிடும் இச்சாயா. கிடைக்கறது வரைக்கும் லாபம்."

நாற்பது மில்லி வந்தது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மூடினாள்.

ஸ்கேன் அறையில் இருந்த நர்ஸ் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "நாலு நாளுக்குப் பால் சேத்து வெச்சிருக்கீங்களா? இதை முழுங்கிட்டா திரும்பி வர வழி கிடையாது."

"முப்பத்திரண்டு பை இருக்கு சிஸ்டர்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "குறை மாசக் குழந்தை, அதுக்குப் போக இவ்வளவு சேத்தீங்களா? போன வாரம் வந்த ஒரு அம்மா அஞ்சு பையோட வந்து அழுதுட்டுத் திரும்பிப் போனாங்க."

ஜிஸ்னாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பரீட்சையில் மார்க் வாங்கியபோதுகூட அவளை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. மருந்தை விழுங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி பதினொன்றே முக்கால். முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. பின்கட்டில் சமையல்காரர் குஞ்ஞுவரீது வெங்காய மலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு மூன்று எரிந்தன. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜிஸ்னா கையைக் கழுவிக்கொண்டு நேராக ஃப்ரீசரைத் திறந்தாள்.

வாத்துக் கால்கள்.

முதல் தட்டில் வாத்து. இரண்டாம் தட்டில் வாத்து. மூன்றாம் தட்டில் பொட்டலம் பொட்டலமாக மாட்டிறைச்சி, ஓரத்தில் ரத்தம் வடிந்து உறைந்திருந்தது. கையை விட்டுத் துழாவினாள். ஒரு பைகூட இல்லை.

"அம்மே."

திரேசம்மா வாசலில் நின்றாள். கையில் தேங்காய் மூடி. மகளின் முகத்தைப் பார்க்காமல் தேங்காய் மூடியைப் பார்த்தாள்.

"பால் எங்க?"

"எங்கேயும் போகலை. பத்திரமா இருக்கு."

"எங்க?"

"கீழ ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னு பார்த்தேன். தயிரும் கேக்கும் வந்துடுச்சு. அதனால ஐஸ் போட்டு ஒரு பாத்திரத்துல..." அவள் கை பின்கட்டைக் காட்டியது.

அடுப்புக்கு நாலடி தள்ளி, சுவர் ஓரமாக, ஈரச் சாக்கு போர்த்திய ஒரு அலுமினியப் பாத்திரம் இருந்தது. ஜிஸ்னா சாக்கைத் தூக்கினாள். ஐஸ் எப்போதோ கரைந்து போயிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பத்திரண்டு பையும் மிதந்தன. பேனா மை கரைந்து தேதியெல்லாம் நீலமாக ஓடியிருந்தது. இரண்டு பை வெடித்துத் தண்ணீர் வெளுத்திருந்தது. சிமெண்டுத் தரையில் வழிந்த இடத்தில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. ஒரு பையைத் திறந்து முகர்ந்தாள். புளித்த வாடை.

அவள் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"வாத்து வந்தப்ப. ஏழே கால் இருக்கும். நீ பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்னு நினைச்சேன் மோளே."

"ஒரு தட்டையாவது பாலுக்கு ஒதுக்கி வெச்சிருக்கக் கூடாதா? வாத்தைப் பாத்திரத்துல போட்டுட்டுப் பாலை உள்ள விட்டிருக்கக் கூடாதா?"

திரேசம்மா குஞ்ஞுவரீதைப் பார்த்தாள். குஞ்ஞுவரீது வெங்காயத்தைப் பார்த்தார். பிறகு தாமாகவே வாயைத் திறந்தார்.

"நான்தான் சொன்னேன் கொச்சே. அந்தப் பால் கிடக்கற பெட்டியில விருந்துச் சாமானை வைக்க மாட்டேன்னு. பூசை வைக்கற அச்சன் சாப்பிடறது, பெரியவங்க சாப்பிடறது. ஒரு சுத்தபத்தம் வேண்டாமா?"

ஜிஸ்னாவுக்கு முதலில் அவர் பேசியது மண்டையில் ஏறவில்லை. ஏறியதும் உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது.

"வாத்து ரத்தம் படலாம். தாய்ப்பால் படக்கூடாது. அப்படித்தானே சேட்டா?"

"அப்படி இல்ல..."

"உங்களை உங்க அம்மா எதைக் கொடுத்து வளர்த்தாங்க? வாத்துக் கறியா?"

குஞ்ஞுவரீது கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட எழுந்து போனார்.

"வயசுல பெரியவர்கிட்ட இப்படியா பேசுவாங்க," என்றாள் திரேசம்மா தாழ்ந்த குரலில். "ஏலியாம்ம சேச்சி வந்து ஏதாவது எடுக்கறேன்னு அந்தப் பெட்டியைத் திறந்தா என்ன நினைப்பாங்க? ஆம்பளைங்க நடமாடற வீடு. எனக்கு வெக்கமா இருக்காதா?"

"உங்க வெக்கத்துக்கு என் பிள்ளை பட்டினி கிடக்கணுமா?"

உள்ளே குழந்தை சிணுங்கியது. மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது. குறைப்பிரசவக் குழந்தைகள் ஊரைக் கூட்டி அழுவதில்லை. அந்தச் சின்னச் சிணுங்கல்தான் அதன் முழுத் தெம்பு.

ஜிஸ்னா பிளாஸ்கைத் திறந்து அந்த நாற்பது மில்லியை எடுத்தாள். மடியில் படுக்கவைத்து, பாலாடையின் நுனியை உதட்டில் வைத்துச் சொட்டு சொட்டாகப் புகட்டினாள். வழக்கமாகக் குடிப்பது ஐம்பது. கடைசிச் சொட்டுக்குப் பிறகும் அந்த வாய் திறந்தபடியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. அடுத்த வேளை மூன்று மணிக்கு. அதற்கு இந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அவள் மார்பில் இருக்கிறது, ஆனால் கொடுக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். குழந்தை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கொண்டு வாங்க. மத்த அம்மாமார் கொடுத்த பால் பக்குவப்படுத்தி இங்க இருக்கு. நாலு நாளும் குழந்தை இங்கயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப முடியாது. எடையும் பார்க்கணும். பவுடரை மட்டும் தொடாதீங்க," என்றார்.

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அப்பா அவிராச்சன் ஈஸிசேரில் இருந்து எழுந்து நின்றார். டிஜோ கதவில் சாய்ந்து நின்றான்.

"நாலு நாள் ஆஸ்பத்திரின்னா நாளைக்கு ஞானஸ்நானம்?" என்றார் அவிராச்சன்.

"நடக்காது அப்பச்சா."

"நூத்தம்பது பேரைக் கூப்பிட்டிருக்கு."

"எனக்கு மூணு மணிக்கு ஐம்பது மில்லி பால் வேணும். நூத்தம்பது பேர்ல யார்கிட்ட இருக்கு?"

அவிராச்சன் தொண்டையைக் கனைத்தார். மகளோடு இந்த மாதிரி விஷயம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "ஒரே ஒரு நாள் பவுடரைக் கலக்கிக் கொடுத்தா என்ன? நாளைக்கு மத்தியானம் விருந்து முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். நானே வரேன்."

"ஒன்பது நாள் ஊசியோட கிடந்ததை நீங்க கண்ணாடி வழியாப் பார்த்தீங்க அப்பச்சா. நான் உள்ள இருந்து பார்த்தேன்."

"அப்ப கிலோ ஒண்ணரை. இப்ப தேறிட்டாள்ல."

ஜிஸ்னா கணவன் பக்கம் திரும்பினாள். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போதும்.

"அம்மச்சி வர நேரம் ஆச்சு," என்றான் டிஜோ. "அவங்க வந்ததும் உக்காந்து பேசி முடிவு பண்ணலாம். இப்ப வேண்டாம் ஜிஸ்னா, வீட்ல ஆளுங்க இருக்காங்க."

ஏலியாம்மா பன்னிரண்டரைக்குச் சொன்னபடி வந்து இறங்கினாள். வெள்ளைச் சட்டையும் முண்டும், தோளில் ஜரிகை போட்ட கவணியும். காதில் குணுக்கு. கையில் குழந்தைக்கான வெள்ளை கவுனும், சின்னப் பெட்டியில் தங்கச் சிலுவையும். குழந்தைக்கு அவள் பெயரைத்தான் வைக்கப்போகிறார்கள். வாசலிலேயே வீட்டின் முகம் சரியில்லை என்பதைக் கண்டுகொண்டாள்.

விஷயத்தை டிஜோ சொன்னான். முழுவதும் கேட்டுவிட்டு ஏலியாம்மா திரேசம்மாவைப் பார்த்தாள்.

"வாத்தை யாரு கேட்டா?"

"நீங்கதானே சேச்சி புதன்கிழமை..."

"நான் உங்க சௌகரியம் போலன்னுதானே சொன்னேன். நான் எப்பக் கேட்டேன்? டிஜோ, நான் கேட்டேனா?"

"கேக்கலைதான்," என்றாள் திரேசம்மா. "ஆனா மூத்த மருமக வீட்ல போட்டாங்கன்னு சொன்னீங்களே. அதுக்கப்புறம் நான் கோழியைப் போட முடியுமா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதுக்காகக் குழந்தையோட பாலை எடுத்து வெளிய வைப்பாங்களா? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

"எங்க ஊர்லயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாத்து இல்லைன்னா சிரிப்பாங்க சேச்சி."

இரண்டு பேரும் எத்தனை மரியாதையாகப் பேசினார்கள் என்றால், கேட்பவர்கள் விருந்தோம்பல் நடக்கிறது என்றே நினைப்பார்கள். வாத்து யாருடைய தலையில் விழ வேண்டும் என்பதுதான் வழக்கு. பால் என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. ஜிஸ்னா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள். கூடத்துக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பது.

கடைசியில் ஏலியாம்மா தீர்ப்புச் சொன்னாள். "நடந்தது நடந்துபோச்சு. பிஷப் இல்லத்துல இருந்து பெரியச்சன் வராரு, நானே போய்க் கூப்பிட்டது. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் எப்படியாவது சமாளிக்கணும். வெந்நீர்ல கொஞ்சம் கற்கண்டு கலந்து கொடுத்தா குழந்தை தூங்கும். டிஜோவுக்கெல்லாம் நான் அப்படித்தான் கொடுத்தேன்."

"சரிதான்," என்றார் அவிராச்சன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றாள் திரேசம்மா. கால்மணி நேரமாக முட்டிக்கொண்டிருந்த சம்பந்திகள் ஒரு நொடியில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

ஜிஸ்னாவுக்கு அப்போதுதான் ஒன்று தெளிவானது. இந்தக் கூடத்தில் இருக்கிற யாரும் குழந்தைக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. எல்லோரும் அவளைக் கொஞ்சுகிறவர்கள், அவளுக்காக நேர்ந்துகொண்டவர்கள். ஆனால் நாளைக்கு வரும் நூற்றைம்பது பேரின் வாய்க்கு முன்னால் அவளுடைய ஒரு வாய் அவர்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் கோபப்படுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் உள்ளே போனாள். டயபர், பாலாடை, மெஷின், இரண்டு துணி. எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"விருந்தை நடத்துங்க. நான் தடுக்கலை. குழந்தை வராது."

"ஜிஸ்னா," என்றாள் ஏலியாம்மா. அந்தக் குரலுக்கு அவள் வீட்டில் நான்கு மருமகள்களும் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்து நிற்பார்கள்.

"உங்க பேரை வைக்கப் போற குழந்தை அம்மச்சி. அந்தப் பேரோட நூறு வயசு இருக்கட்டும்னுதான் போறேன்." பிறகு டிஜோவைப் பார்த்தாள். "காரை எடுக்கறீங்களா, ஆட்டோவைக் கூப்பிடவா?"

டிஜோ அம்மாவைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். சாவியை எடுத்தான். எடுத்தான் என்பதற்காக அவனை இப்போதே கொண்டாட வேண்டாம்.

கார் கதவைச் சாத்தும்போது திரேசம்மா ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். அதில் பொய் இல்லை. நாளைக்கு ஞானத்தாயாக நின்று குழந்தையைக் கையில் ஏந்த வேண்டியவள் அவள். அதற்கென்று புதுக் கவணிகூட எடுத்து மடித்து வைத்திருக்கிறாள்.

"மோளே, நாளைக்கு சர்ச்ல அத்தனை பேருக்கு முன்னாடி நான் யாரைக் கையில ஏந்திக்கிட்டு நிப்பேன்?"

"வாத்தை ஏந்திக்கிட்டு நில்லுங்க அம்மே," என்றாள் ஜிஸ்னா.

சொன்ன பிறகு அவளுக்கே மனசு அறுத்தது. பெற்றவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வார்டு நர்ஸ் ஒரு சின்னப் பாட்டிலை வெந்நீரில் இருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். யாரோ ஒரு அம்மாவின் பால். பெயர் இல்லை, ஒரு எண் மட்டும். ஜிஸ்னா புகட்டினாள். ஐம்பது மில்லியும் உள்ளே போனது. குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, மூக்கைச் சுளித்து, தூங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பாட்டிலைத் தன் கன்னத்தில் ஒருதரம் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு மெஷினை மாட்டிக்கொண்டாள். எடுக்காமல் விட்டால் கட்டிவிடும், சுரப்பும் நின்றுபோகும். எழுபது மில்லி வந்தது. காலையில் நாற்பதுக்காக நடுவழியில் காரை நிறுத்தியவள், எழுபதைக் கழுவு தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். இன்னும் நான்கு நாள் இப்படித்தான்.

திரும்பி வந்தபோது டிஜோ தாழ்வாரத்து ஜன்னல் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான். "சரி அம்மச்சி. ம். சரி. நான் சொல்லிப் பார்க்கறேன்."

"என்ன சொல்லிப் பார்க்கணும்?"

டிஜோ போனைச் சட்டைப்பையில் வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான். "அம்மச்சி பெரியச்சன்கிட்டப் பேசியிருக்காங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இங்க வண்டி வரும். பாலைக் குடிக்க வெச்சு அனுப்பினா போதும். பன்னெண்டு மணிக்கு அடுத்த பாலுக்குள்ள திருப்பிக் கொண்டு வந்துடறாங்களாம். நீ வர வேண்டாம், களைப்பா இருப்ப. குழந்தை மட்டும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு மணி நேரம்தானே ஜிஸ்னா."

"என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"சரின்னு சொன்னேன்." அவன் தரையைப் பார்த்தான். "எல்லாரும் வருத்தமா இருக்காங்க. உங்க அம்மா சாப்பிடக்கூட இல்ல."

ஜிஸ்னா திரும்பி நடந்தாள். நர்ஸ் மேஜைக்குப் போனாள். அட்மிஷன் படிவம் பாதி எழுதியபடி அங்கே கிடந்தது. நர்ஸ் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க மட்டும் விட்டுப்போச்சு. குழந்தையை வார்டுல இருந்து வெளிய எடுத்துட்டுப் போக உரிமை உள்ளவங்க. ரெண்டு பேர் எழுதலாம். இதுல பேர் இல்லாதவங்க யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம், பாட்டியா இருந்தாலும் சரி. வழக்கமா அம்மாவும் அப்பாவும் எழுதுவாங்க."

ஜிஸ்னா பேனாவை வாங்கினாள். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். எழுத்து திருத்தமாக விழுந்தது. இரண்டாவது வரியில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு இழுத்தாள்.

பின்னால் வந்து நின்ற டிஜோ அதைப் பார்த்துவிட்டான்.

"என் பேரு?"

"எழுதறேன் இச்சாயா. நாளைக்கு ஒன்பது மணிக்கு அந்த வண்டி வரும்ல, அதுகிட்ட நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்துட்டு எழுதறேன்."

படிவத்தை நர்ஸிடம் நீட்டினாள்.